ஈயம் பூஜ்யம்

பொய் சொல்லத் தெரியாத கருவி என்று அரசாங்கம் அதற்கு விளம்பரம் செய்திருந்தது. போதாக்குறைக்கு, நுழைவாயிலின் நெற்றியில் 'மனிதக் கை படாத தீர்ப்பு' என்று ஆளுயர எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள். அந்த எழுத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு ஒரு பெண் என்னிடம் கேரி பேக் ஒன்றை நீட்டினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் மண் இருந்தது.

"மேடம், இத்த உன் மிஷின்ல போட்டு இன்னா கீதுன்னு சொல்லு."

"கையால கொண்டு வந்ததை அதுல போட முடியாதுங்க. சட்டம் அப்படி."

"ஏன்? என் கையில இன்னா ஒட்டிகினு கீது?"

நான் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து சில நாட்களே ஆகியிருந்தன. நிறமாலைப் பொறியாளர் என்று என் அடையாள அட்டையில் போட்டிருக்கும். பொருளை ஒளியாக்கி, அந்த ஒளியைப் பிரித்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்க்கிற வேலை. வடசென்னைக்கு வடக்கே, உப்பங்கழியை ஒட்டிய அனல்மின் நிலையத்தின் சாம்பல் வாயிலைப் பராமரிப்பது இனி என் பொறுப்பு.

நிலக்கரியை விட்டுவிடப் போகிறோம் என்று மூன்று அரசாங்கங்கள் அடுத்தடுத்துச் சத்தியம் செய்தன. நிலக்கரி யாரையும் விடவில்லை. எரித்தால் சாம்பல் வரும், சாம்பலை எங்காவது கொட்டியாக வேண்டும். செங்கல்லுக்கு, ரோட்டுக்கு, பள்ளத்தை மேடாக்க என்று லாரி லாரியாக அது போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அதில் நச்சு இருக்கிறதா என்று ஆய்வகங்கள் சான்றிதழ் கொடுக்கும். கொஞ்ச காலத்தில் காசுக்கு ஏற்ற சான்றிதழ் கிடைக்க ஆரம்பித்தது. ஊர் சிரித்தபிறகு வந்ததுதான் சாம்பல் வாயில் சட்டம். லாரி எடைமேடையில் ஏறி நிற்கும். இயந்திரக் கை ஒரு சிட்டிகை எடுக்கும். லேசர் அதைச் சுட்டு ஒரு பொறி கிளப்பும். அந்தப் பொறியின் வெளிச்சத்தில் ஒவ்வொரு தனிமமும் தன் தன் நிறத்தைக் காட்டிவிடும். பச்சை விழுந்தால் லாரி போகலாம், சிவப்பு விழுந்தால் மூடிய குழிக்குத்தான் போக வேண்டும். ஒருமுறை பதிவான தீர்ப்பை மந்திரி நினைத்தாலும் மாற்ற முடியாது. மனிதக் கை பட்ட எந்த மாதிரியும் சாட்சியம் ஆகாது. லஞ்சத்தை ஒழிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் நானும் நம்பினேன்.

வந்தவள் பெயர் நதியா. சிப்பிக்குப்பம் குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. காலையில் மீன் ஏலம், மாலையில் சங்கம், இடையில் கலெக்டர் ஆபீஸ் என்று வருஷக்கணக்காக ஓடியவள். ஒவ்வொரு மழைக்கும் குப்பத்து வீடுகளில் தண்ணீர் ஏறும். தரையை மேடாக்கித் தந்தே ஆக வேண்டும் என்று அவள் மறியலுக்குப் படுக்காத ரோடு இல்லை. கடைசியில் இந்தக் கோடையில்தான் மின்நிலையம் தன் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டி, இடுப்பளவு உயர்த்தி, மேலே வீடும் கட்டிக் கொடுத்தது. வரப்போகிற மழைதான் தண்ணீர் உள்ளே வராத முதல் மழை. குப்பமே அதற்காகக் காத்திருந்தது.

"என் பொண்ணு நிலானி. இன்னும் மூணு முடியல. பேசிகினு இருந்த புள்ள, பேச்ச கொறச்சிட்டா. வயித்த புடிச்சிகினு அழுவுறா. பெரியாஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ஈயம் கீதுன்னாங்க. வூட்ல பழைய பெயின்ட்டு கீதான்னு கேட்டாரு டாக்டரு. புது வூடு சார்ன்னேன். அப்ப மண்ணுல இன்னா கீதுன்னு பாருன்னாரு."

"அந்தச் சாம்பல் எல்லாம் இந்த வாயில் வழியாத்தான் வந்தது. ஒவ்வொரு லோடும் பச்சை. நானே உங்களுக்கு எடுத்துக் காட்டறேன்."

திரையில் எடுத்துக் காட்டத்தான் போனேன். ஆர்செனிக், கொஞ்சம். குரோமியம், கொஞ்சம். செலினியம், இம்மி. எல்லாம் வரம்புக்குள். ஈயம், பூஜ்யம். அடுத்த லோடு, ஈயம் பூஜ்யம். அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, எல்லாமே ஈயம் பூஜ்யம்.

திரையை இன்னும் பின்னால் தள்ளிப் பார்த்தேன், அங்கேயும் பூஜ்யம். நதியாவுக்கு அது நல்ல செய்தி மாதிரித் தெரிந்திருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு அப்படித் தெரியாது. ஆற்று மணலில் ஈயம் இருக்கும், தேயிலைத் தூளில் இருக்கும், நம் வீட்டு ஜன்னல் தூசியில் இருக்கும். குறைவாக இருக்கலாம், இல்லாமல் இருக்காது. ஈயமே இல்லாத சாம்பலை நான் பார்த்ததில்லை. அதுவும் லோடு மாற்றி லோடு!

என் பையில் இருந்த கைக்கருவியை எடுத்து அந்தக் கேரி பேகுக்குள் இரண்டு முறை சுட்டேன். ஈயத்தின் கோடு திரையில் மேலே போய் முட்டி நின்றது.

"இன்னா மேடம்? மூஞ்சி மாறிப்போச்சு?"

"ஒண்ணு ரெண்டு நாள் டைம் குடுங்க நதியா. பாப்பாவைத் தரையில விடாதீங்க."

மின்நிலையத்தில் சாம்பல் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் செயற்பொறியாளர் பத்ரிநாத். கெட்ட மனிதர் இல்லை. குறுக்குவழி தேடாதவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அவரிடம் போய்ச் சொன்னபோது காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"ஜீரோன்னா நல்லதுதானே மேடம்? போன மாசம் இதுக்காக எங்களுக்கு அவார்டே குடுத்தாங்க."

"இவ்வளவு நல்லது நடக்காது சார்."

"மிஷின் உங்களோடது. நம்பர் மிஷினோடது. மிஷின் சொன்னதை நான் செஞ்சேன். உங்க கைக்கருவி சொன்னதை நான் செஞ்சா என்னைத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க." அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நல்ல செய்தி வந்தால் அதை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? கெட்ட செய்தி வந்திருந்தால் பத்துப் பேர் வந்து கருவியைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. லேசர் சரியாக இருந்தது. கண்ணாடிகள் சரியாக இருந்தன. விடை தானாக வந்து விழுந்தது, தெய்வசிகாமணி அண்ணன் வாயிலிருந்து. வாயில் கண்காணிப்பாளர் அவர். அடுத்த வருஷம் ஓய்வு. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. பொரி எவ்வளவு, பூசணிக்காய் எத்தனை என்று அவர் ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தாம்மா வாயிலை மூடுறது" என்றார் என்னிடம். "கருவியைத் திறந்து தொடைக்கறதும் அன்னிக்குத்தான். அப்புறம் சீல் வெச்சா மறு வருஷம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. போன வருஷம் நல்லா செஞ்சோம். உங்களுக்கு முன்னாடி இருந்த சாரு உள்ளேருந்து அந்த வெள்ளை வில்லையை எடுத்துக் குடுத்தாரு. இதுதான்யா கருவிக்கு உயிருன்னாரு. தாம்பாளத்துல வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டி, நானே தொடைச்சுத் திருப்பிக் குடுத்தேன்."

"குங்குமமா?"

"ஆமா. நடுவுல, நல்லா பெருசா."

அந்த வெள்ளை வில்லை அதிரசம் அளவு இருக்கும். சுத்தமான பீங்கான். கருவி தினமும் காலையில் முதலில் அதைத்தான் சுடும். அதில் தெரிவதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, அன்று வருகிற ஒவ்வொரு லோடிலிருந்தும் அதைக் கழித்துவிடும். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மேலே துடைத்தால் மேலே உள்ளதுதான் போகும்.

அன்று மாலை நதியாவைக் குப்பத்துக்கே போய்ப் பார்த்தேன். வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெண்களை எழுப்பி அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தாள்.

"ஏலத்துல மீன் எடை போடறப்ப கூடையோட எடையைக் கழிப்பீங்கல்ல?"

"ஆமா. வெறுங்கூடைய மொதல்ல வெச்சுப் பாத்துக்குவோம்."

"அந்த வெறுங்கூடைக்கு அடியில ஒரு கல்லு ஒட்டிகிட்டு இருந்தா?"

அவள் யோசிக்கவே இல்லை. "மீன் போட்டாலும் வெறுங்கூடைன்னு காட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "கல்லு யாரு வெச்சா?"

"யாரும் திருடணும்னு வெக்கல. பூஜையில குங்குமம் வெச்சிருக்காங்க. பாக்கெட்ல மலிவா வர்ற குங்குமத்துல செவப்பு தூக்கலா இருக்கட்டும்னு செந்தூரம் கலக்கறான். செந்தூரத்துல ஈயம். கருவி தினமும் அந்த ஈயத்தையும் சேர்த்துக் கழிச்சிடுது. கழிச்சா மைனஸ்ல போகும். மைனஸ் வந்தா பூஜ்யம்னு எழுதுன்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்கோம்."

"என் புள்ள ரத்தத்துல இருக்கறது பொட்டு வெச்ச ஈயமா?"

"இல்லை. அது சாம்பலோட ஈயம். புதுச் சுரங்கத்து நிலக்கரின்னு நினைக்கிறேன். பொட்டு அதை மறைச்சிடுச்சு, அவ்வளவுதான்."

நதியா எழுந்து வாசலுக்குப் போனாள். குப்பம் முழுக்க ஒரே மட்டமாக, அழகாக இருந்தது. பிள்ளைகள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தரைக்காக அவள் வாங்கிய அடி எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், அவள் திரும்பியபோது கண் கலங்கியிருந்ததும் குரல் கலங்காததும்தான்.

"இப்ப இன்னா பண்ணணும்?"

தலைமையகத்தில் நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். பழைய தீர்ப்புகளைத் திறக்கவே முடியாதாம். வில்லையை மாற்ற வேண்டுமானால் ஆயுத பூஜை அன்று மாற்றிக்கொள்ளலாம், அதுவும் வழக்கமான பராமரிப்பாக. மிச்சம் இருந்தது ஒரே வழி. யார் வேண்டுமானாலும் சாம்பல் கொண்டுவரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. லாரியில் கொண்டுவந்து, பெயரைச் சொல்லி, எடைமேடையில் ஏற்ற வேண்டும். அப்போது மாதிரி எடுப்பது இயந்திரக் கை.

"உங்க தரையைத் தோண்டி ஒரு லோடு கொண்டு வரணும். புது வில்லையில அது சிவப்புன்னு வரும். அதோட, ஒவ்வொரு கொதிகலன் சாம்பலுக்கும் கைரேகை மாதிரி ஒரு கலவை உண்டு. அது யாரோடதுன்னு கருவியே சொல்லும். சொல்லிட்டா கொட்டினவங்களே எல்லாத்தையும் திரும்ப அள்ளணும். ஆனா யாரோடதுன்னு சொல்லலைன்னா கொண்டு வந்தவங்க பேர்ல கேஸ் விழும்."

"எல்லாத்தையும் அள்ளுவானா? வூட்டுக்கு அடியிலயுமா?"

"எல்லாத்தையும்."

"அப்புறம் மழ வரும்."

"வரும்."

அன்றைக்குச் சங்கம் கூடியது. நான் ஓரமாக நின்றேன். கலைவாணி என்ற பெண், நதியாவின் பக்கத்து வீடு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கத்தினாள். "ஏண்டி, நீதான மேடாக்கணும்னு எங்கள ரோட்டுல படுக்க வெச்ச? இப்ப நீயே தோண்டணுங்கிற. கண்ணுக்குத் தெரியாத வெஷத்துக்காக கண்ணுக்குத் தெரியற தண்ணிய வூட்டுக்குள்ள வுடுவியா?" நியாயமான கேள்விதான். நதியா ஒவ்வொருவர் பிள்ளையின் பெயரையும் சொல்லி, எது சோர்ந்திருக்கிறது, எது சாப்பிட மாட்டேன் என்கிறது என்று கேட்டாள். கலைவாணியின் குழந்தையைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் மண்வெட்டி எடுத்து வருவதாகச் சொன்னார்கள்.

தெய்வசிகாமணி அண்ணனிடம் சொல்வதுதான் எனக்கு இதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"சாமிக்கு வெச்ச பொட்டும்மா அது" என்றார் முதலில்.

"சாமி மேல தப்பில்லண்ணே. பாக்கெட் போட்டவன் மேல தப்பு. வில்லையை வெளிய எடுத்துக் குடுத்தவர் மேல தப்பு."

துண்டை மடித்தார், பிரித்தார். "அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?"

சொன்னேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பூஜை அன்று வாயில் முழுக்க வாழைக்கன்றும் மாவிலையுமாக இருந்தது. உறையில் வந்த புது வில்லையைக் கையுறை போட்டு நானே எடுத்து வைத்தேன். தெய்வசிகாமணி அண்ணன் குங்குமச் சம்படத்தோடு வரிசையாக வந்தார். எடைமேடைக்குப் பொட்டு, கதவுக்குப் பொட்டு, கணினிப் பெட்டிக்குப் பொட்டு, ஸ்பானருக்கும் பொட்டு. கருவியின் அருகே வந்ததும் சம்படத்தை மூடிவிட்டார்.

"அண்ணே, வில்லைக்கு வெக்கலயே?" என்றான் எடை போடுகிறவன்.

"அது இந்த வருஷம் விரதம்டா. தள்ளிப் போ."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூடியைப் பொருத்தி சீல் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று லாரிகள் காலையிலேயே வரிசை கட்டிவிட்டன. மாலை போட்ட லாரிகளுக்கு முன்னால் குப்பத்து லாரி நின்றது. அதை முதலில் விட வேண்டும் என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். மின்நிலையத்து லோடு முதலில் ஏறிச் சிவப்பு விழுந்தால் பத்ரிநாத் அன்றைக்கு வாயிலையே மூடச் சொல்லிவிடுவார், நதியாவின் லோடு ஏறவே ஏறாது என்று கணக்குப் போட்டேன். நதியா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் குப்பத்துப் பெண்கள் நடந்தே வந்திருந்தார்கள்.

லாரி ஏறியது. இயந்திரக் கை இறங்கியது. பொறி பறந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது, கோபமோ வருத்தமோ இல்லாத ஒரு பெண் குரல்.

"ஈயம், வரம்புக்கு மேல். தீர்ப்பு, சிவப்பு."

பெண்கள் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. சந்தோஷமா ஒப்பாரியா என்று பிரிக்க முடியாத சத்தம். அது அடங்குவதற்குள் குரல் தொடர்ந்தது.

"மூலம், அறியப்படவில்லை. பொறுப்பு, நதியா, சிப்பிக்குப்பம். அந்திக்குள் மூலம் அறியப்படாவிட்டால் வழக்குப் பதிவாகும்."

உடனே புரிந்துவிட்டது, புரிந்து என்ன புண்ணியம்? கருவியின் நினைவில் இருக்கும் மின்நிலையச் சாம்பலில் ஈயம் பூஜ்யம். அப்படித்தானே இத்தனை நாளும் அதற்குக் காட்டியிருக்கிறோம்! இந்த லோடில் ஈயம் இருக்கிறது. ஒரு தனிமம் பொருந்தாவிட்டாலும் கைரேகை பொருந்தாது. அதன் கணக்குப்படி இது வேறு யாருடையதோ சாம்பல்.

நதியா லாரியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மேடம், இன்னா சொல்லுது அது? அவனுதுன்னு சொல்லலியே?"

"பழைய ஞாபகத்தோட ஒப்பிடுது. அந்த ஞாபகமே தப்பு. புது வில்லையில அவங்க லோடு ஒண்ணு ஏறினாப் போதும். பேர் தெரியாத லோடை ஒவ்வொரு புது லோடோடவும் அது ஒப்பிட்டுப் பார்த்துகிட்டே இருக்கும். பொருந்திடும்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன். பத்ரிநாத் என் பின்னால் நின்றிருந்தார். அவர் புத்திசாலி. ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

"நம்ம வண்டி எல்லாத்தையும் திருப்புங்க. கருவியை முழுசா சோதிக்கிற வரைக்கும் நம்ம லோடு ஒண்ணும் ஏறக்கூடாது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து மெதுவாக, "இது என் நிலையம் மேடம். எனக்கு வேற வழி இல்லை" என்றார்.

குப்பத்து லாரியை ஓரத்துத் தடுப்புக்குள் பூட்டிவிட்டார்கள், நதியாவோடு. வரிசையில் அடுத்து நின்றது மின்நிலையத்து லாரி. சகாயராஜ் என்பவர் ஓட்டுநர். அவர் கியரைப் பின்னால் தள்ளுவது தெரிந்தது. எனக்கு ஓடிப்போய் லாரிக்குப் பின்னால் படுத்துவிடலாமா என்று இருந்தது. படுத்திருப்பேன். அதற்குள் தெய்வசிகாமணி அண்ணன் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு எடைமேடைக்கு நடுவில் போய் நின்றுவிட்டார்.

"வா வா வா... நேரா வா... ரைட்டு, வந்துகினே இரு."

"தெய்வசிகாமணி! நிறுத்துங்க! திருப்பச் சொல்லுங்க!"

"முன் சக்கரம் ஏறிடுச்சு சார். ஏறின வண்டியைப் பின்னால எடுத்தா சட்டப்படி குத்தம்."

ஏறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மேடைக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கலாம். சகாயராஜ் கொடியைப் பார்த்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களைப் பார்த்தார். சாம்பல் லாரி ஓட்டுகிறவருக்கு வருஷம் முழுக்க அந்தச் சாம்பல்தான் காற்று. கியரை மாற்றி ஆக்சிலேட்டரை மிதித்தார். முன் சக்கரம் ஏறியது. இனி மந்திரியே வந்தாலும் அதை இறக்க முடியாது.

இயந்திரக் கை இறங்கியது.

"ஈயம், வரம்புக்கு மேல். தீர்ப்பு, சிவப்பு. மூலம், அனல்மின் நிலையம், மூன்றாம் கொதிகலன்." ஒரு சின்ன இடைவெளி. "முந்தைய லோடு ஒப்பிடப்பட்டது. பொருந்துகிறது. பொறுப்பு மாற்றப்பட்டது. கொட்டிய இடத்திலிருந்து முழுவதையும் மீட்க உத்தரவு."

தடுப்பு திறந்தது. நதியா இறங்கி வந்து தெய்வசிகாமணி அண்ணன் முன்னால் நின்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நல்லா இரும்மா" என்று மட்டும் சொன்னார். பொய்க் கொடி காட்டியதற்காக அவருக்கு அன்றே தற்காலிகப் பணிநீக்கம். ஓய்வுக்கு ஒரு வருஷமே இருக்கும்போது. அவருக்காக நான் எழுதாத மேலதிகாரி இல்லை, இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பத்ரிநாத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மழைக்கு முன்னாடி அள்ளினா அவங்க வீட்டுல தண்ணி ஏறும்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எல்லாரையும்விட நல்லாத் தெரியும் சார்."

மறுநாளே இயந்திரங்கள் குப்பத்துக்குள் இறங்கின. மின்நிலையத்து ஆட்கள் வந்து வீடு வீடாக அளந்து, சாமான்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றி, தரையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துப் போனார்கள். பதிலுக்குச் செம்மண் கொட்ட வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. செம்மண்ணுக்கு டெண்டர் விட்டார்கள். டெண்டருக்கு மழை காத்திருக்குமா? ஐப்பசி பிறந்ததும் கொட்ட ஆரம்பித்தது. சங்கம் கூடி நதியாவைத் தலைவி பதவியிலிருந்து இறக்கியது. கையைத் தூக்கியவர்களில் அன்றைக்கு மண்வெட்டி எடுத்து வந்தவர்களும் இருந்தார்களாம்.

நான் போனபோது முழங்கால் வரை தண்ணீர். நதியாவின் வீட்டில் கட்டிலை ஹாலோ பிளாக் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கட்டிலில் நிலானியும், அவள் பக்கத்தில் கலைவாணியின் கைக்குழந்தையும். கலைவாணி அடுப்பைக் கட்டிலின் ஒரு மூலையில் வைத்து கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"ரத்தம் திரும்பப் பாத்தாங்க மேடம்" என்றாள் நதியா. "கொறைய ஆரம்பிச்சிகீதாம். உள்ள போனது முழுசா போவ நாளாவும்னாரு டாக்டரு. அதுக்காக பேச்சு வராதான்னேன். வரும், விடாம பேசு அவகிட்டன்னாரு. நான்தான் வாய மூட மாட்டேனே."

நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காவது இவர்கள் காலில் ஈரம் படாமல் தூங்கியிருக்கலாம். அதைக் கொடுத்ததும் இந்த நாட்டின் கருவிதான், பிடுங்கியதும் அதே கருவிதான்.

"இன்னாத்துக்கு மேடம் மூஞ்ச தொங்கப் போட்டுகினு நிக்கிற? இது தண்ணி. வரும், நாலு நாள் இருக்கும், வடிஞ்சிடும். அது வடியாது."

சொல்லிவிட்டு நிலானியைக் கட்டிலிலிருந்து தூக்கினாள். "ஆஸ்பத்திரிலேந்து வந்த நாளா இவள கீழ வுடல மேடம். நடக்கறதயே மறந்துடுவாளோன்னு பயந்துகினு இருந்தேன்" என்றபடி, தண்ணீர் அவ்வளவு ஆழமில்லாத வாசல்படிக்குப் போய், மகளை மெதுவாகத் தரையில் நிறுத்தினாள். நிலானி அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி ஓங்கி மிதித்தாள். தண்ணீர் தெறித்து எங்கள் மூன்று பேரையும் நனைத்தது.

"இன்னொருவாட்டி" என்றாள் நதியா. நிலானி மறுபடியும் மிதித்தாள்.